அடியில் ஒரு சிவப்புப் பொத்தான்

போன வாரம் பேப்பரில் ஒரு போட்டோ வந்திருந்தது. என் பழைய முதலாளி கழுத்தில் சால்வையோடு நிற்கிறார். பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு பச்சைப் பெட்டி. அதன்மேல் இலைப் படம் போட்டு, 'உங்கள் வீட்டு மின்கழிவை இங்கே போடுங்கள், தாமிரபரணியைக் காப்போம்' என்று எழுதியிருக்கிறது. அந்தப் பெட்டிக்குள் ஒரு மிக்சியைப் போடுகிற மாதிரி பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். மிக்சியின் வயர் ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. அது போட்டோ எடுத்தவனுக்குத் தெரியாது, பேப்பர்காரனுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். அந்தக் கடையில் ஆறு வருஷம் மிக்சி வயரை வெட்டினவனே நான்தான்.

காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். என் மனைவி எட்டிப் பார்த்து, "என்னத்துக்கு இப்படி முறைக்கிய? யாரு போட்டோ?" என்றாள்.

"பேதியில போவான் போட்டோ" என்றேன்.

தாமிரபரணியைக் காக்கிறாராம்! எவ்வளவு வெட்டின வயரை அந்த ஆற்றங்கரையில் எரியவிட்ட ஆள் இவர். ஊர் கைதட்டுகிறது. நாமெல்லாம் உப்புப் போட்டுத்தான் சாப்பிடுகிறோமா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பதற்கு யோக்கியதை உள்ளவள் ஒருத்தி இருந்தாள். மேலப்பாளையத்துக்காரி. அப்போதே ஐம்பதைத் தாண்டியிருப்பாள். தெருவில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் லாத்தா. அங்கே முஸ்லிம்கள் பேச்சில் லாத்தா என்றால் அக்கா. நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். பேரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அவளுக்கும் ஒரு சால்வையைப் போட்டு இதே பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தப் பார்ப்பான்கள்.

நான் அவளை முதலில் பார்த்தது ஒரு தீபாவளி சமயம். எங்கள் கடை மேலப்பாளையத்திலிருந்து பாளையங்கோட்டைக்குப் போகிற ரோட்டில் இருந்தது. 'பழசைக் கொண்டு வாங்க, புதுசை அள்ளிட்டுப் போங்க' என்று ஆட்டோவில் மைக் கட்டி ஊரெல்லாம் கத்தவிட்டிருந்தோம். ஜனங்கள் பழைய மிக்சியைக் கட்டைப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வேப்பமரம், அதன் கீழே டீக்கடை. டீக்கடை வாசலில் வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒரு பால் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அவள் உட்கார்ந்திருந்தாள். கட்டைப்பையோடு வருகிறவர்களை மட்டும் கூப்பிடுவாள்.

"ஏம்மா, இங்கன வாங்க. என்ன ஆச்சு அதுக்கு?"

"ஓட மாட்டேங்கு லாத்தா. செத்துப் போச்சு."

"தெறந்து பாத்தியளா?"

அவ்வளவுதான் கேள்வி. வந்தவள் முழிப்பாள். லாத்தா மிக்சியை வாங்கி மடியில் கவிழ்ப்பாள். அடியில் சின்னதாக ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். கட்டைவிரலால் ஓர் அமுக்கு. 'டக்' என்று ஒரு சத்தம். டீக்கடை பிளக்கில் செருகினால் மிக்சி அலறும். "இது மௌத்தாவலம்மா, மயங்கிக் கெடக்கு. தேங்காயும் பொரிகடலையும் கழுத்துமுட்டப் போட்டு அரைச்சிருப்பிய. பைய அரைங்க, போங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவாள்.

விஷயம் இதுதான். அளவுக்கு மீறிப் போட்டு அரைத்தால் மோட்டார் சூடாகித் தானே நின்றுகொள்ளும். ஆறினபிறகு அந்தப் பொத்தானை அமுக்கினால் மறுபடி ஓடும். எங்கள் கடைக்குச் செத்துப்போனதாக வந்த மிக்சிகளில் எத்தனையோ இப்படி மயங்கினவைதான். கடையில் வேலை பார்த்த எங்கள் எல்லாருக்கும் அது தெரியும். கஸ்டமர் எதிரில் மிக்சியைக் கவிழ்க்கக் கூடாது என்பது எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம்.

"அந்தப் பொத்தான் இருக்கது ஊருக்குத் தெரிஞ்சிதுன்னா நாம கடைய அடைச்சிட்டுப் பனங்கெழங்குதான் விக்கணும்வே" என்பார் முதலாளி. நாங்கள் சிரிப்போம். நானும்தான் சிரித்தேன். வாங்கின மிக்சியைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய் உடம்போடு ஒட்டி வயரை வெட்டுவது என் வேலை. வயர் போனால்தான் அது பழைய சாமான். இல்லாவிட்டால் யாராவது எடுத்து மறுபடி ஓட்டிவிடுவார்களாம். மறுபடி ஓடுவது எங்களுக்கு அவ்வளவு பெரிய குற்றமாக இருந்தது.

லாத்தா சின்ன வயசிலிருந்து பீடி சுற்றினவள். சுளகை மடியில் வைத்துக்கொண்டு இலையில் தூளை வைத்து உருட்டி உருட்டி அவள் விரல்கள் பார்வை இல்லாமலே வேலை செய்யப் பழகியிருந்தன. அவள் அண்ணன் மோட்டார் காயில் கட்டுகிறவர். அவருக்குக் கண் மங்கினபோது ஒத்தாசைக்குப் போனவள், தலைமயிர் மாதிரி இருக்கிற செப்புக் கம்பியை அவரைவிட ஒழுங்காகச் சுற்றிவிட்டாள். அண்ணன் போனபிறகு பீடியையும் விட்டாள். அதே சுளகில் பீடி இலைக்குப் பதில் திருகாணியும் கார்பன் கட்டையும் கிடந்தன.

வீட்டு முன்னறை முழுக்கச் சாமான்தான். மிக்சி, டேபிள் ஃபேன், அயர்ன் பாக்ஸ், டிவி, சார்ஜர். நிஜமாகவே தீர்ந்துபோன சாமானையும் எறிய மாட்டாள். அதிலிருந்து சுவிட்சைக் கழற்றி இதற்கு, இதிலிருந்து மூடியைக் கழற்றி அதற்கு. ஒரு சின்னச் சிக்கல் உண்டு. அரசாங்கம் கொடுத்த இலவச மிக்சி எல்லாம் ஒரே அச்சு. எது யாருடையது என்று குழம்பிவிடும். அதனால், சாமான் கொண்டு வருகிறவள் தன் பழைய சேலையில் ஒரு துண்டு கிழித்துக்கொண்டு வர வேண்டும். அதை மிக்சி கழுத்தில் கட்டிவிடுவாள். பேர் எழுதி ஒட்டினால் எண்ணெய்க் கையில் அழிந்துபோகும், சேலைத்துண்டு அழியாது என்பாள். சொந்தக்காரி வாசலில் நின்றே, "அந்தா, என் மாம்பழக்கலர்" என்று கை காட்டுவாள்.

'தெறந்து பாத்தியளா' என்ற கேள்வியை அவள் மிக்சியோடு நிறுத்திக்கொள்ள மாட்டாள். பக்கத்துத் தெரு மாமியார் ஒருத்தி வந்து, "என் மருமவ வாய தெறந்தா பொய்தான் லாத்தா. சவத்த அத்து விட்டுரலாம்னு இருக்கோம்" என்று ஆரம்பித்தபோது, லாத்தா ஸ்குரூ டிரைவரை வைத்துவிட்டுக் கேட்டாள்: "எம்மா, ஒரு நா ஒக்காத்தி வச்சு என்னன்னு கேட்டியளா? தெறந்து பாக்காம எதையும் தூரப் போடாதிய."

ஒரு தடவை ஒரு காலேஜ் வாத்தியார் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போட்டோ எடுக்க வந்தார். நான் அப்போது எங்கள் வீட்டு ஃபேனை வாங்கிப்போக வந்திருந்தேன். வாத்தியார் பூமி, எதிர்காலம், தலைமுறை என்று பெரிய பெரிய வார்த்தையாகப் பேசினார். லாத்தா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அது சரி சார். ஒங்க பையில என்ன கெடக்கு, எடுங்க" என்றாள். அவர் பையில் ஓடாத சார்ஜர் மூன்று கிடந்தது. மூன்றுக்கும் கழுத்தில்தான் வயர் விட்டிருந்தது. ஒட்டிக் கொடுத்து, "வீணாக்குறது ஹராம் சார். மொதல்ல ஒங்க வீட்டப் பாருங்க, பொறவு பூமியப் பாக்கலாம்" என்றாள். பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் வாத்தியார் காது சிவந்துவிட்டது.

இனிமேல் சொல்லப்போவது எனக்கே பிடிக்காத சங்கதி.

கடையில் நான் வெட்டின வயரெல்லாம் சாக்கில் கட்டி ஒரு பழைய இரும்புக்கடைக்காரருக்குப் போகும். அவர் அதை ஆற்றங்கரையில் உடைமரக் காட்டுக்குள் குவித்துக் கொளுத்துவார். மேலே உள்ள பிளாஸ்டிக் எரிந்துபோனால் உள்ளே செம்பு மிஞ்சும். மேல்காற்று அடிக்கிற மாசங்களில் அந்தப் புகை நேராக லாத்தா தெருவுக்குள் வந்து படியும். துவைத்துக் காயப்போட்ட துணியில்கூட அந்த வீச்சம் இருக்கும். அடுத்த வீட்டில் லாத்தாவோடு சின்னதிலிருந்து பீடி சுற்றின சிநேகிதி ஒருத்தி இருந்தாள். பீடித்தூள் ஏற்கெனவே அவள் நெஞ்சில் பாதியைத் தின்றிருந்தது. மீதிக்கு இந்தப் புகை. நாலு எட்டு வைத்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். ஆஸ்பத்திரியில் மருந்தை ஆவியாக்கி மூச்சில் இழுக்கிற ஒரு மெஷினைக் காட்டி, வீட்டில் வைத்து மூன்று வேளையும் பிடிக்கச் சொல்லிவிட்டார்கள். தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு பழைய மெஷின் வாங்கிக் கொடுத்தார்கள். அது அடிக்கடி மக்கர் பண்ணும். லாத்தாதான் அதற்கு வைத்தியர்.

ஒரு நாள் லாத்தா ஒரு குடம் தண்ணீரோடு ஆற்றங்கரைக்கே போய் எரிகிற வயர்க்குவியலில் கொட்டிவிட்டாள். இரும்புக்கடைக்காரர் ஓடி வந்தார்.

"ஏ பொம்பள, என்ன காரியம் செய்யுதே?"

"மனுசங்க மூச்சு விடுத எடம் அண்ணாச்சி இது."

"ஆத்துல ஊர்ப்பய எல்லாம் என்னென்னமோ கொண்டு தட்டுதான். நான் தண்ணிய தொட்டனா? புகைய மேலதான அனுப்புதேன்!"

லாத்தா சண்டைக்கு நிற்கவில்லை. இடுப்பிலிருந்து ஒரு பலகைத்துண்டை எடுத்தாள். அதில் ஒரு பிளேடைச் சரித்து அடித்திருந்தாள். வயரை அதில் வைத்து இழுத்தால் மேல்தோல் வாழைப்பட்டை மாதிரி உரிந்து, செம்பு பளபளவென்று தனியாக வரும். தீ வேண்டாம், புகை வேண்டாம். அவர் கண் முன்னால் நாலைந்து வயரை உரித்துக் காட்டி, பலகையையும் அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தாள். "இதுக்கெல்லாம் நேரம் எவனுக்கு இருக்கு?" என்று அவர் அந்தப் பலகையையும் தீயில் போட்டாராம். இதை என்னிடம் சொல்லும்போது டீக்கடைக்காரருக்கே கோபம் வந்தது.

மறுநாள் டீக்கடையில் லாத்தா என்னைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி, அங்கன எரியுத வயரு ஒங்க கடை வயருதான?"

"தெரியாது லாத்தா" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். என் சட்டைப் பையில் வயர் வெட்டுகிற கட்டிங் பிளேயர் இருந்தது.

அந்த வருஷத் தீபாவளிக்குக் கடை வாசலில் கூட்டம் குறைந்துவிட்டது. வேப்பமரத்தடியில்தான் கூட்டம். முதலாளி கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துப் பார்த்துப் பல்லைக் கடித்தார். ஒரு நாள் என்னை உள்ளே கூப்பிட்டார்.

"ஏலே, ஒனக்கு எழுத்து முத்து முத்தா வருமே. ஒரு மனு எழுது. குடியிருக்க எடத்துல அந்தப் பொம்பள கரண்டுக் குப்பையச் சேத்து வச்சிருக்கான்னு."

எழுதினேன். யாரும் என் கையை முறுக்கவில்லை. 'மின்னணுக் கழிவுகளை அனுமதியின்றிக் குவித்து' என்று அவர் சொன்னதை எழுதிவிட்டு, 'பொதுமக்களின் உயிருக்குப் பேராபத்து' என்று நானாக ஒரு வரி சேர்த்தேன். முதலாளி, "அடி சக்கை!" என்று முதுகில் தட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை இன்றைக்கு நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. கீழே 'இப்படிக்கு, பொதுமக்கள்' என்று முடித்தேன். பொதுமக்களாவது மண்ணாவது, நான் ஒருத்தன்தான்.

அந்த மனு போன ஆபீஸ் எது என்று இங்கே எழுதவில்லை. ஆனால் வேகமாக வந்தார்கள். ஆற்றங்கரைப் புகைக்கு ஜனங்கள் எத்தனை மனு கொடுத்தும் எட்டிப் பார்க்காதவர்கள், என் எழுத்துக்கு ஒரே வாரத்தில் டெம்போவோடு வந்து நின்றார்கள். முன்னறையிலிருந்த சாமானை ஒன்று விடாமல் ஏற்றினார்கள். கழுத்தில் சேலைத்துண்டோடு, ரிப்பேர் முடிந்து சொந்தக்காரிக்குக் காத்திருந்த மிக்சிகளையும்தான்.

"சார், ஒண்ணையாவது தெறந்து பாத்தியளா? இதுல எது குப்பைன்னு சொல்லுங்க" என்று லாத்தா கேட்டிருக்கிறாள்.

"ரூல்ஸ்னு ஒண்ணு இருக்கும்மா" என்று சொல்லி அந்த மனுவை நீட்டியிருக்கிறார் வந்தவர். லாத்தா அதை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

எரிக்கிறவனுக்கு ரூல்ஸ் இல்லை. வெட்டுகிறவனுக்கு இல்லை. நல்ல மிக்சியைச் செத்ததென்று சொல்லி வாங்கிக்கொள்கிற கடைக்கு இல்லை. ஒட்டவைத்துக் கொடுத்தவளுக்குத்தான் ரூல்ஸ்! இதைக் கேட்டுவிட்டு அன்றைக்கும் நான் பின்கட்டில் உட்கார்ந்து வயர் வெட்டினேன்.

அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி இருக்கும். கடைக்குள் எப்போதும் காலெடுத்து வைக்காத லாத்தா கதவைத் தள்ளிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். முகத்தில் வேர்வை கொட்டுகிறது.

"தம்பி, அன்னைக்கு ஏத்திட்டுப் போனதுல மூச்சு மெஷினும் சேந்து போச்சு. ரிப்பேருக்கு எங்கிட்ட குடுத்திருந்தது. ரெண்டு நாளா பக்கத்து வீட்டுக்காரியக் கூட்டிக்கிட்டு ஆட்டோவுல ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமா அலையுதோம். காலைலதான் ஆவி பிடிச்சிட்டு வந்தா, இப்ப மறுபடி இழுக்கு. மத்ததெல்லாம் போவட்டும். அது எங்கன கெடக்குன்னு மட்டும் காட்டு."

எங்கே கிடக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த ஆபீஸுக்குப் பழைய சாமான் எடுக்கிறவரும் அதே இரும்புக்கடைக்காரர்தான். ஆட்டோ பிடித்துப் போனோம். கொட்டகைக்குள் லாத்தாவின் முன்னறை மொத்தமும் ஒரு மலையாகக் குவிந்து கிடந்தது. எல்லாவற்றுக்கும் வயரை வெட்டியாகிவிட்டது. தரையெல்லாம் சேலைத்துண்டு. மாம்பழக்கலர், பச்சை, கட்டம்போட்டது, பூப்போட்டது. லாத்தா குனிந்து குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். மூச்சு மெஷின் ஒரு டிவிக்கு அடியில் இருந்தது. நல்லவேளையாக உடையவில்லை. வயர் மட்டும் இல்லை. கொட்டகைக்குப் பின்னால் ஆற்றுப் பக்கம் புகை ஏறிக்கொண்டிருந்தது.

"பழுது அன்னைக்கே பாத்து வச்சிட்டேன். ஒரு வயரு இருந்தாப் போதும். ஒரு வயரு!" என்றாள். வீடு நிறைய வயர் வைத்திருந்த பொம்பளைக்கு அன்றைக்கு ஒரு முழம் வயர் இல்லை. சிநேகிதி வீட்டில் அவளை இறக்கிவிட்டு வயர் வாங்க ஓடினேன். ஜும்ஆ தொழுகை நேரம். பஜாரில் கடையெல்லாம் அடைத்திருந்தது. அதே ஆட்டோவில் எங்கள் கடைக்கே திரும்பினேன். ஸ்பேர் அறையைப் பூட்டிவிட்டு சர்வீஸ்காரர் சாப்பிடப் போயிருந்தார். எதிரே கண்ணாடி அலமாரியில் புது மிக்சிகள் பொட்டு வைத்த பெண்டுகள் மாதிரி வரிசையாக நின்றன. பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்தேன். முதலில் நின்ற மிக்சியின் வயரை உடம்போடு ஒட்டி வெட்டினேன்.

வேறு வயர் கிடைத்திருக்காதா? பாளையங்கோட்டைப் பக்கம் இன்னும் கொஞ்சம் போயிருந்தால் கிடைத்திருக்கும். நான் தேடவில்லை. ஆத்திரம். ஒரு புதுசையாவது வெட்டிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. முதலாளி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

லாத்தா வயரைக் கையில் வாங்கினதுமே கண்டுகொண்டாள். "இது புது மிக்சி வயருல்லா? புதுசுலயா வெட்டுன? கோட்டிக்காரப் பயலே! நல்லா இருந்த சாமான வெட்டிட்டு வந்து நிக்கான் பாரு! ஒரு வயர வெட்டுனதுக்கு இன்னொரு வயர வெட்டுனா சரியாப் போச்சாலே?" திட்டிக்கொண்டே பல்லால் கடித்து உரித்தாள். திட்டிக்கொண்டே முறுக்கினாள், டேப்பைச் சுற்றினாள். பிளக்கில் செருகினதும் மெஷின் உறுமி வெள்ளையாக ஆவி விட்டது. சிநேகிதி முகமூடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இழுத்தாள். கொஞ்ச நேரத்தில் தோள் ஏறி இறங்குவது குறைந்தது. லாத்தா அவள் முதுகைத் தடவினபடியே, முகத்தைத் திருப்பாமல் என்னைக் கேட்டாள்.

"மனு எழுதுனது நீதான?"

நான் கட்டிங் பிளேயரைச் சட்டைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினேன்.

"மிக்சியோட வார வாரண்டி அட்டையில ஒன் எழுத்த எத்தனை வருசமாப் பாக்கேன். எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா லாத்தா எங்கிட்ட வந்திய?"

"எழுதுனவனுக்குத்தான சாமான் எங்கன போவும்னு தெரியும். வேற எவங்கிட்டப் போவ?"

"மன்னிச்சிருங்க லாத்தா."

"மாட்டேன்" என்றாள். "எனக்கு ஆத்திரம் ஆறல. நீ என்ன, ஒண்ணும் தெரியாதவனா? பொத்தானத் தெரிஞ்சவன். தெரிஞ்சுக்கிட்டே வெட்டுனவன். எங்கிட்ட என்னத்துக்குக் கேக்க?" இடுப்பிலிருந்து அந்தச் சேலைத்துண்டுகளை எடுத்து என் கையில் திணித்தாள். "இது ஒவ்வொண்ணும் ஒருத்தி சாமான். போய் அவுககிட்டச் சொல்லு."

கடைக்குத் திரும்பினபோது அந்த மிக்சி வாசலில் கிடந்தது. "வெட்டுனதத் தூக்கிட்டு ஓடிரு. இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கப்படாது" என்றார் முதலாளி. சாயங்காலம் வேறு வயர் வாங்கி மூச்சு மெஷினுக்குப் போட்டுவிட்டு, நான் வெட்டின அந்த வயரை லாத்தாவே மிக்சியில் திருப்பி ஒட்டிக் கொடுத்தாள். ஒட்டின இடம் கறுப்பு டேப்பில் புடைத்துக்கொண்டு நின்றது. "டேப்ப மாத்திராத. அப்படியே தெரியட்டும்" என்றாள். பத்து வருஷத்துக்கு மேலாகிவிட்டது, எங்கள் வீட்டில் இன்றைக்கும் அதில்தான் சட்னி. டேப்பை மாற்றவில்லை.

லாத்தாவை மறுபடி சாமான் எடுத்து வைக்க ஆபீஸ்காரர்கள் விடவில்லை. இரண்டு தடவை ஆள் வந்து மிரட்டினான். கொஞ்ச நாளில் சிநேகிதியையும் கூட்டிக்கொண்டு திசையன்விளையில் இருந்த மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே போய்ப் பார்க்க எனக்கு முகமில்லை.

சேலைத்துண்டுகளோடு, தெருவில் விசாரித்து விசாரித்து வீடு வீடாகப் போனேன். முதல் வீடு பச்சைத்துண்டுக்காரி. முற்றத்தில் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு, மனு எழுதினதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது எனக்கு அழுகைகூட வந்தது. அவள் பொறுமையாகக் கேட்டாள். துண்டை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். தன் சேலைதான்.

"சரி தம்பி, அழாதிய. என் மிக்சி எங்க?" என்றாள்.

துண்டை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். "இத வச்சு நான் என்ன செய்ய? மிக்சிய கொண்டு வரும்போது கெட்டிக் கொண்டாங்க." மற்ற வீடுகளிலும் இதே கேள்விதான். ஒருத்தியும் ஏசவில்லை. துண்டுகள் அத்தனையும் என் மேஜை டிராயரிலேயே தங்கிவிட்டன.

போட்டோவைப் பார்த்த அன்றைக்கு அவற்றை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பத்து வருஷத்துக்குப் பிறகு. பச்சைப் பெட்டி வாசலில் நின்றது. மூடியைத் தூக்கினேன். வயர் வெட்டின மிக்சிகள் கழுத்துவரை கிடந்தன. மேலாகக் கிடந்தது போட்டோவில் வந்த அதே மிக்சி. முதலாளி உள்ளிருந்து வேகமாக வந்தார். நரைத்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார்.

"என்னவே அங்கன நோண்டுதீரு? அது குப்பைவே."

"தெறந்து பாத்தியளா அண்ணாச்சி?"

கடைக்குள் நாலைந்து கஸ்டமர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் எதிரிலேயே மிக்சியைக் கவிழ்த்தேன். அடியில் அந்தச் சிவப்புப் பொத்தான் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. அமுக்கினேன். 'டக்' என்றது.

"அது என்ன பொத்தான்?" என்று கட்டைப்பையோடு நின்ற ஓர் அம்மா கேட்டாள். சொன்னேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். அந்த அம்மா தன் பையிலிருந்த மிக்சியைக் கவிழ்த்துப் பார்க்க ஆரம்பித்தாள்.

பையிலிருந்து பச்சைத்துண்டை எடுத்து மிக்சியின் கழுத்தில் கட்டினேன். முதலாளிக்கு முகம் கறுத்துவிட்டது. "அத எங்கவே கொண்டு போறீரு?" என்றார்.

"சொந்தக்காரி பத்து வருசமாக் காத்துக்கிட்டிருக்கா அண்ணாச்சி. வயர் நான் போட்டுக்கிடுதேன்." மீதித் துண்டுகளை எடுத்து அவர் முகத்துக்கு நேரே காட்டினேன். "இன்னும் இவ்வளவு இருக்கு. நாளைக்கும் வருவேன்."